பார்ட்டிசன் இல்லாத குடித்தனம்

சித்ராதேவி போனில் முதலில் சொன்னது, "அண்ணே, என் வேல போயிரும் போல இருக்கு." அடுத்துச் சொன்னது, "வரும்போது சத்தங்காட்டாம வாங்க." கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனைச் சத்தமில்லாமல் வரச் சொன்னால், அங்கே கெட்டிருப்பது கம்ப்யூட்டர் மட்டுமல்ல என்று அர்த்தம். ஸ்க்ரூடிரைவரோடு நாக்கையும் ஒருமுறை துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

திருப்பூர் மங்கலம் ரோட்டில் இருந்தது வள்ளி நிட்ஸ். தாயார் வள்ளியாத்தாள் பெயரில் இரண்டு மகன்கள் நடத்துகிற பனியன் கம்பெனி. அண்ணன் ஈஸ்வரமூர்த்தி கட்டிங்கையும் தையலையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டார். தம்பி தண்டாயுதபாணி சாயப்பட்டறைக்கும், சரக்கு வாங்குகிற பையர்களுக்கும் அலைந்தார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கார். ஆபீஸிலும் ஒரே கம்ப்யூட்டர். இன்னொன்று வாங்கலாமே என்று யாராவது சொன்னால் ஈஸ்வரமூர்த்தி, "ரெண்டு வாங்கினா ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்குன்னு ஆயிரும். அப்பறம் ரெண்டு டேபிளு, ரெண்டு ரூமு, ரெண்டு போர்டு" என்பார். திருப்பூரில் இருந்துகொண்டு அந்த பயத்தைத் தப்பென்று சொல்ல முடியாது.

சித்ராதேவி அங்கே மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுப் பையருக்கும் உள்ளூர்த் தையலுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். சாத்தூர்ப் பக்கத்துப் பெண். அவள் சம்பளத்தை நம்பி அப்பாவும் அம்மாவும் ஊரை விட்டு வந்து மண்ணரையில் வாடகைக்கு இருந்தார்கள்.

அவள் ஒரு மெயிலை அச்சடித்து வைத்திருந்தாள். ஹாம்பர்க்கிலிருந்து, குழந்தை உடுப்பு வாங்குகிற பையர் அனுப்பியது.

"என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டேன்.

"நம்ம மெயிலோட மூணு தடவ வைரஸ் போயிருக்காம். இனி ஒருக்க வந்தா நம்ம அட்ரஸையே மூடிருவாகளாம். வெள்ளிக்கிழமைக்குள்ள ரோம்பர் ஆர்ட்வொர்க்கு நம்ம ஆபீஸ்ல இருந்தே சுத்தமா வந்து சேரணுமாம். அவுக ஆளு சோதிச்சுப் பார்ப்பாராம். இல்லன்னா ஆர்டர் வங்காளதேசத்துக்கு."

"பெரியவர் என்ன சொல்றாரு?"

"கண்ட எடத்துல பென்டிரைவச் சொருகி நாந்தான் வைரஸக் கொண்டாந்தேங்காரு. ஆர்டர் போச்சுன்னா நானும் போயிரணுமாம்."

பென்டிரைவைச் சொல்லிக் குற்றமில்லை. பிரிண்டிங் யூனிட்டுக்கும் எம்பிராய்டரி யூனிட்டுக்கும் அது போய்த்தான் ஆகவேண்டும். போகிற வீட்டிலெல்லாம் விருந்து சாப்பிட்டுவிட்டு வருகிற மாப்பிள்ளை மாதிரி, வரும்போது வயிற்றில் எதையாவது வாங்கிக்கொண்டு வரும். அன்று கருமத்தம்பட்டியிலிருந்து பல்லடம் வரை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அதே காய்ச்சல்தான்.

அது மின்வெட்டுக் காலம், இரண்டாயிரத்து எட்டு. என்னிடம் உபுண்டு என்கிற லினக்ஸ் சீடி ஒன்று இருந்தது. விண்டோஸைப் போலவே கம்ப்யூட்டரை ஓட்டுகிற இன்னொரு ஆள். விண்டோஸில் வாழ்கிற வைரஸால் அதில் மூச்சுவிட முடியாது. விண்டோஸை அப்படியே டிசைன் வேலைக்கு விட்டுவிட்டுப் பக்கத்திலேயே லினக்ஸையும் ஏற்றி, மெயிலை மட்டும் அதில் அனுப்பினால் சுத்தமாகப் போகும். கம்ப்யூட்டரைப் போடும்போதே எது வேண்டும் என்று அது கேட்கும். விண்டோஸை எடுத்துவிட முடியாது. எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும், அதன் சீடியும் தொலைந்துபோயிருந்தது.

சீடியைப் போட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். அது சீடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக விண்டோஸுக்குப் போனது. முதலில் சீடியைப் பார் என்று சொல்ல, விண்டோஸுக்கும் முன்னால் விழிக்கிற பயாஸ் என்கிற செட்டிங்குக்குள் போகவேண்டும். போனால் பாஸ்வேர்டு கேட்டது.

"இது யாரு போட்டது?"

"பெரிய சார்" என்றாள் சித்ராதேவி. "போன வருசம் ஆன்டிவைரஸு, டிசைன் சாஃப்ட்வேரையே வைரஸுன்னு அழிச்சிருச்சில்ல. அத மறுபடி ஏத்த ஒரு வாரம் ஆச்சு. அப்பப் போட்டது. பெட்டிக்குப் பூட்டும் சேத்து."

பின்பக்கம் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியில் ஒரு வளையம் இருக்கும். அதைப் பூட்டி நான் அதுவரை எங்கும் பார்த்ததில்லை. இங்கே சின்னதாக ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் பாஸ்வேர்டு மறந்துபோகும். அதற்கும் வழியில்லை. பூட்டின் வாயைச் சுற்றி நிறையக் கீறல்கள் இருந்தன. அதைப் பார்த்து வைத்துக்கொண்டு கீழே கட்டிங் ஹாலுக்குப் போனேன்.

ஈஸ்வரமூர்த்தி துணி அடுக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டைப் பையில் சாவிக்கொத்து பிதுங்கியது.

"வாங்க தம்பி. டீ சாப்பிடறீங்களா?"

"இருக்கட்டுங்க. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மட்டும் வேணுங்க. உள்ள ஒரே ஒரு வரி மாத்தோணும்."

"போன தடவ வந்தவனும் ஒரே வரின்னுதான் சொன்னான். ஒரு வாரம் மிசினு நின்னுபோச்சு."

"பாஸ்வேர்டு எனக்குச் சொல்ல வேண்டாங்க. நீங்களே வந்து தட்டுங்க. நான் திரும்பி நின்னுக்கறேன்."

"வேண்டாங்க."

"பூட்டுச் சாவி குடுங்க. நீங்க பக்கத்துலயே உக்காந்திருங்க. தொறந்து மூடிக் குடுத்தர்றேன்."

"வேண்டாங்கறேனே தம்பி." கை சட்டைப் பைக்குப் போய்ச் சாவிக்கொத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தது. "இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் பனியன் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அங்கே, 'கட்டாதுங்க' என்று சொல்பவனிடம் சரக்கு இருக்கும். இன்னும் கொஞ்சம் பேசினால் இறங்கி வருவான். ஒரு நிபந்தனைகூடச் சொல்லாமல் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்புகிறவனிடம் சரக்கே இருக்காது. என்ன செய்தால் கொடுப்பீர்கள் என்று மூன்று விதமாகக் கேட்டுவிட்டேன். பேரத்துக்கே வரவில்லை. பூட்டின் கீறல்களும் நினைவுக்கு வந்தன. சரியான சாவி எதுவென்று தெரிந்தவன் பூட்டை அப்படிக் கீறமாட்டான்.

ஆனால் முதலாளியைப் பார்த்து உங்களிடம் சரக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. அதுவும் காதர்பேட்டைப் பழக்கம்தான். மேலே வந்துவிட்டேன்.

தண்டாயுதபாணி வந்திருந்தார். "என்ன தம்பி, குடுத்தாரா?"

"வேண்டாங்கறாருங்க."

"தெரியுமே. அண்ணன் வேண்டாம்னா வேண்டாந்தான். வேற வழி?"

"இருக்குதுங்க. பயாஸ்கிட்டப் போகவே வேண்டாம். விண்டோஸ் கெளம்பற எடத்துலயே நம்மாளையும் நிறுத்தி வெச்சரலாம். ஆனா அவனுக்குத் தனியா எடம் வேணும். பார்ட்டிசன் போடணும்."

"போட்டரலாம்."

"டி டிரைவை ரெண்டாப் பிரிக்கறதுங்க. ஆளுக்குப் பாதி."

"பிரிச்சுப் போடுங்க. நாளைக்குக் காங்கேயத்துல முகூர்த்தம், அண்ணன் போயிருவாரு. அவரு வர்றதுக்குள்ள முடிச்சரோணும். அவருக்கு இப்பத் தெரிய வேண்டாம்."

"ஒருக்காப் பிரிச்சுட்டா மறுபடியும் ஒண்ணாச் சேக்கறது சுளுவில்லீங்க. யோசிச்சுக்கங்க."

"சேக்கறது எதுக்கு? அவங்கவங்க பக்கத்துல அவங்கவங்க நிம்மதியாப் பொழைக்கட்டும்."

டீ டம்ளர்கள் மேசையில் வந்து உட்கார்ந்தன. கொண்டுவந்த சீனியம்மாள், எப்போதும் சர்க்கரை போதுமா என்று கேட்கிறவள், அன்று கேட்காமல் போனாள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பார்ட்டிசன் என்பது திருப்பூரில் ஆங்கில வார்த்தை அல்ல. காடு தோட்டம் வைத்திருந்து கம்பெனி போட்ட குடும்பங்களில் பிறந்த குழந்தை, அம்மா அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற வார்த்தை. 'அவங்க பார்ட்டிசன் ஆயிட்டாங்க' என்றால் அண்ணன் தம்பி பிரிந்து, பழைய பெயருக்கு முன்னால் 'நியூ' என்று ஒரு போர்டு எழும்பிவிட்டது என்று பொருள். சீனியம்மாள் தென்மாவட்டத்துக்காரிதான். ஆனாலும் பத்து வருஷமாகக் காலையில் அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, பகலில் கம்பெனியில் டீ போடுகிறவளுக்கு இந்த வார்த்தை தெரியாமல் இருக்குமா?

வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது காங்கேயம் கல்யாணத்துக்குப் போயிருக்க வேண்டிய ஈஸ்வரமூர்த்தி ஆபீஸ் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் வெள்ளைத் துண்டும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெரியவர். சகோதரர்களின் தாய்மாமன் சுப்பையன், தாராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். தாய்மாமன் இல்லாமல் அந்தப் பக்கம் பங்கு வைக்க மாட்டார்கள். பங்கு பேசுகிற வீட்டில் கை நனைக்கக்கூடாது என்று பஸ் ஸ்டாண்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். தண்டாயுதபாணி சுவரோரம் நின்றார். சித்ராதேவி கதவோரம், ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

"நீதான் பங்கு பிரிக்கற வக்கீலா கண்ணு?" என்றார் சுப்பையன்.

"இல்லீங்க. கம்ப்யூட்டர்காரனுங்க."

"பங்கு பிரிக்கறதுக்கும் கம்ப்யூட்டர் வந்திருச்சாக்கும்."

ஈஸ்வரமூர்த்தி முந்தின நாள் போல டீ கேட்கவில்லை. "தம்பி, நேத்து இந்த ரூம்புல பார்ட்டிசன் போடறதப் பத்திப் பேசினீங்களா?"

"பேசினனுங்க."

"ஆளுக்குப் பாதின்னு?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரிய வேண்டாம்னு?"

நான் தண்டாயுதபாணியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு, "அண்ணா, அது கம்ப்யூட்டருக்குள்ள பிரிக்கறது" என்றார்.

"கம்ப்யூட்டர் யாருது? அதுல எனக்குப் பங்கில்லையா? அவங்கவங்க பக்கத்துல அவங்கவங்க பொழைக்கட்டும்னு சொன்னது நீயா, கம்ப்யூட்டரா?"

"நாந்தாண்ணா. ஆனா..."

"மாமா, கேட்டுக்குங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

சுப்பையன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "மாப்ள, பிரியறது தப்பில்ல. சொல்லாமப் பிரியறதுதான் தப்பு. எங்கக்கா உசுரோட இருக்கையில..."

"பிரியலீங்க மாமா" என்றார் தண்டாயுதபாணி. யாரும் கேட்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி சித்ராதேவி பக்கம் திரும்பினார். "எல்லாம் இந்தப் புள்ள கெளப்பினது. மொதல்ல வைரஸக் கொண்டாந்துச்சு, இப்பப் பார்ட்டிசன். கணக்க முடிச்சு அனுப்பீரு தண்டாயுதம்."

சித்ராதேவி அழவில்லை. குரல் மட்டும் மெலிந்தது. "சார், நான் ஒங்க குடும்பத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. அனுப்புறதுன்னா அனுப்புங்க. ஆனா இன்னைக்கி வெள்ளிக்கெழம. ஆர்ட்வொர்க்கு போகலன்னா அவுக வேற எடத்துக்குக் குடுத்துருவாக. அதுக்கும் நாந்தான் காரணம்பீக. அத அனுப்பிட்டுப் போறேன்."

ஹார்டு டிஸ்க்கின் பார்ட்டிசன் வேறு, குடும்பத்தின் பார்ட்டிசன் வேறு என்று விளக்க ஆரம்பித்தால் சாயந்திரம் வரை விளக்கலாம். வாடிக்கையாளர் முகம் சுளித்த சரக்கை மேலும் விரித்துக் காட்டக்கூடாது. மடித்து உள்ளே வைத்துவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்க்க வேண்டும். அதே சீடியில் இன்னொரு மூட்டையும் இருந்தது. எனக்கு அவ்வளவு பிடித்தமில்லாத மூட்டை. லினக்ஸ் அதில் கொஞ்சம் மெதுவாக ஓடும், கரண்ட் பட்டென்று போனால் அதற்கு நெஞ்சுவலி வரும். ஆனால் அதற்குப் பயாஸும் வேண்டாம், பார்ட்டிசனும் வேண்டாம்.

"பெரியவரே, பார்ட்டிசன் வேண்டாங்க. அந்தப் பேச்ச நான் விட்டுட்டேன்" என்றேன் சுப்பையனிடம். "வாடகைக்கு ஒருத்தனக் குடி வெக்கலாம்."

"எங்க?"

"இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதானுங்க. இப்ப இதுக்குள்ள விண்டோஸ்னு ஒருத்தன் இருக்கறான். ஊடு அவன்றது. ஊட்ட இடிக்க வேண்டாம், செவுரு வெக்க வேண்டாம். ஊட்டுக்குள்ளயே ஒரு ரூம்ப ஒதுக்கி லினக்ஸுன்னு ஒருத்தன வெக்கறம். மெயில் வேல மட்டும் அவனுக்கு."

"எத்தன ஏக்கரா கேக்கறான்?"

"மொத்தம் எம்பதுங்க. அதுல எட்டு."

"அந்த எட்டு யாரு பங்குல இருந்து போகுது? பெரியவன்றதா, சின்னவன்றதா?"

"ரெண்டு பேர்த்துதும் இல்லீங்க. சும்மா கெடக்கற பொறம்போக்குல."

சுப்பையனுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தாராபுரத்தில் புறம்போக்கு பற்றித் தெரியாதவர் இல்லை. "நாளைக்கு அனுபவ பாத்தியம்னு சொல்லி ஊட்டயே கேப்பானா?"

"மாட்டானுங்க. வேண்டாம்னா விண்டோஸ்ல இருந்தே, மத்த புரோகிராமத் தூக்கற மாதிரி தூக்கீரலாம். அட்வான்ஸ்கூடத் திருப்பிக் குடுக்க வேண்டியதில்ல."

"அப்ப இவன் பங்காளியில்ல. குடியிருக்கறவன்."

"அதேதானுங்க."

ஈஸ்வரமூர்த்தி சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "இதுக்கு அந்தப் பாஸ்வேர்டு?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். "வேண்டவே வேண்டாங்க. பூட்டையும் தொட வேண்டாம். பாஸ்வேர்டும் சாவியும் இப்ப எப்பிடி உங்ககிட்டப் பத்திரமா இருக்குதோ, அப்பிடியே இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு பேரம் படிந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிகிற பார்வை. நாற்காலியில் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டரப் போட்டா யாரு பேரு மொதல்ல வரும்?"

"விண்டோஸ் பேருதானுங்க மேல. சும்மா விட்டா அவன்தான் கெளம்புவான். அம்புக்குறிய அழுத்திக் கீழ எறங்கினாத்தான் மத்தவன்."

"மூத்தவன் மேல."

"ஆமாங்க."

"செரி, செய்யுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. சித்ராதேவியைப் பார்க்காமலே, "இந்தப் புள்ள அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றார். அதுவரைக்கும் என்ற வார்த்தை கதவோரம் போய் நின்றது.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீடியைப் போட்டேன். கிளம்பும்போது சீடியைக் கண்டுகொள்ளாத கம்ப்யூட்டர், கிளம்பிய பிறகு நன்றாகவே கண்டுகொண்டது. பயாஸ் வாசலைத்தான் காக்கும். வீட்டுக்காரனே கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டால் அதற்கு வேலையில்லை. ஒரு சின்னப் பட்டியல் வந்தது. அதில் 'விண்டோஸுக்குள்ளேயே நிறுவு' என்பதை அழுத்தினேன்.

"இந்தத் தட்டு என்ன வெல?" என்று சீடியைக் காட்டிக் கேட்டார் சுப்பையன்.

"சும்மா குடுக்கறாங்க. கேட்டா வெளிநாட்டுல இருந்து தபால்லயே அனுப்பி வெப்பாங்க."

"தபால் செலவும் அவனே குடுத்தா? அவனுக்கு என்ன லாபம்?"

"எனக்கும் பிடிபடலீங்க. ரெண்டு வருசமா யோசிக்கறேன்."

எத்தனை இடம் என்று கேட்டது. எட்டு ஜிபி என்று கொடுத்தேன். யார் பெயரில் என்று கேட்டது. சித்ராதேவி பெயரை அடித்தேன். அடுத்த கட்டத்தில் பாஸ்வேர்டு என்றது.

சாய்ந்திருந்த நாற்காலி நிமிர்ந்தது.

"இதுக்குமா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"எங்கக்கா பேரப் போடு கண்ணு" என்றார் சுப்பையன். "வள்ளியாத்தா. பெத்தவ பேர எவனும் மறக்க மாட்டானல்லோ?"

ஈஸ்வரமூர்த்தி சன்னல் வழியாக மங்கலம் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். போன வருஷம் அவர் பயாஸுக்கு என்ன பெயர் வைத்தார் என்று நான் யோசிக்கவில்லை. சித்ராதேவி கதவோரத்திலிருந்து வந்து வள்ளியாத்தாள் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தாள். தாய்மாமனிலிருந்து டம்ளர் எடுக்க வந்த சீனியம்மாள் வரை எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு. அதைவிடப் பத்திரமான பாஸ்வேர்டு அந்தக் கம்பெனியில் இருக்க முடியாது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். மேலே விண்டோஸ், கீழே உபுண்டு என்று இரண்டு வரி வந்து நின்றது. ஈஸ்வரமூர்த்தி எழுந்து வந்து கண்ணை இடுக்கிப் பார்த்து, தலையாட்டினார். சித்ராதேவி அம்புக்குறியை அழுத்திக் கீழே இறங்கினாள். லினக்ஸ் உள்ளே போய்ப் பாயை விரித்து, தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்க ஆரம்பித்தது. பாதி அடுக்கியிருக்கும்.

கரண்ட் போனது.

கீழே தையல் மெஷின்களின் இரைச்சல் ஒரே மூச்சில் நின்றது. மின்விசிறி சோர்ந்து சுற்றியது. யூபிஎஸ் மட்டும் மேசைக்கடியில் கீச்சுக் கீச்சென்று கத்த, திரை அணையாமல் இருந்தது.

"இப்ப நின்னா?" என்றார் தண்டாயுதபாணி.

"மறுபடி மொதல்ல இருந்துங்க. விண்டோஸுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மணி ஒண்ணாகப் போகுது, ஹாம்பர்க்குல ஆபீஸ் தொறந்தாச்சு."

"இந்த யூபிஎஸ் எத்தன நேரம் வரும்?"

"போன மாசமே பேட்டரி போச்சுன்னு சொன்னேன் சார்" என்றாள் சித்ராதேவி.

முதலில் எழுந்தது ஈஸ்வரமூர்த்திதான். மாடிப்படியில் நின்று கீழே குரல் கொடுத்தார். "வீரணா, ஜெனரேட்டரப் போடு. தையலுக்கு அப்பறம் குடுத்துக்கலாம். மொதல்ல மேல ஆபீஸுக்கு லைனக் குடு. அந்தக் குடியிருக்கறவன் பாதிச் சாமானோட நிக்கறான்."

கீழே ஜெனரேட்டர் பார்க்கிற வீரணனுக்கு எந்தக் குடி என்று புரிந்திருக்காது. ஆனாலும் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. யூபிஎஸ் வாயை மூடியது. சித்ராதேவி முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள்.

காவி நிறத்தில் ஒரு திரை வந்தது. பிராட்பேண்ட் ஒயரைச் சொருகியதும் பிடித்துக்கொண்டது. விண்டோஸ் வீட்டைத் திறந்து ஆர்ட்வொர்க் ஃபோல்டருக்குள் போனோம். அங்கேதான் மூன்று தடவை போன வைரஸ் உட்கார்ந்திருந்தது. விண்டோஸில் மஞ்சள் ஃபோல்டராக வேஷம் கட்டி வரிசையில் நின்றவை, இங்கே வேஷம் கலைந்து வெறும் புரோகிராம்களாக நின்றன.

சித்ராதேவி திரையில் விரலை வைத்தாள். "அண்ணே, இதெல்லாம் நம்ம ஃபோல்டருன்னு நெனச்சில்ல மொத்தமாச் சுருட்டி ஜிப்பு பண்ணி அனுப்புனேன்."

"நீங்க மட்டுமில்ல. ஊரே அப்பிடித்தான் அனுப்பிட்டு இருக்குது" என்றேன், ஈஸ்வரமூர்த்திக்குக் கேட்கும்படியாக.

ஈஸ்வரமூர்த்தி கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "இந்தப் பேரெல்லாம் என்ன?"

"ஒட்டின எடத்துப் பேரையே வெச்சுக்குமுங்க. பிரிண்டிங் யூனிட்டுல இருந்து ரெண்டு வந்திருக்குதுங்க. இது எம்பிராய்டரில இருந்து. இது..." அந்தப் பெயரில் அவர் மச்சானின் லேபிள் கம்பெனி இருந்தது. "இதும் வெளியில இருந்துதானுங்க."

அவர் அதைப் படித்துவிட்டார்.

சித்ராதேவி ரோம்பர் ஆர்ட்வொர்க்கை மட்டும் தனியாக எடுத்தாள். கரடிக்குட்டி படம் போட்ட, கைக்குழந்தைக்கான உடுப்பு. இரண்டு வரி எழுதி, ஒருமுறை படித்து, அனுப்பினாள். பிறகு எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதில் வரும் என்று சொன்னதில் சுப்பையனுக்கு நம்பிக்கையில்லை. "அந்த ஊருக்காரன் எந்திரிச்சு, பல்லு வெளக்கி..." என்று ஆரம்பித்தார். சீனியம்மாள் டீ கொண்டுவந்தாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "இதுக்குள்ள ஒரு பார்ட்டிசன் இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. சித்ராதேவி முதலில் மனசுக்குள் படித்தாள். ஃபைலை மேசைமேல் வைத்தாள்.

"என்னம்மா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. அன்று அவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"சோதிச்சுட்டாகளாம் சார். சுத்தமா இருக்காம். கரடிக்குட்டிக்குக் காது மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடச் சொல்றாக. திங்கக்கெழம சாம்பிள் கேக்குறாக."

"அப்ப உக்காந்து காதச் சின்னதாக்கு. நிக்கறயே."

அவ்வளவுதான் அவர் சொன்னது. சித்ராதேவி உட்கார்ந்தாள். கணக்கை முடிக்கிற பேச்சு அதற்குப் பிறகு அந்த அறைக்கு வரவில்லை.

சுப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நியூ வள்ளி நிட்ஸ்னு போர்டு எழுத ஆளு பாக்கோணும்னு நெனச்சுட்டு வந்தேன். ஊட்டுக்குப் போலாம் மாப்ள. கை நனைக்கலாம். பஸ் ஸ்டாண்டு இட்லி கல்லாட்ட இருந்துச்சு."

இரண்டு வாரம் கழித்து ஈஸ்வரமூர்த்தியே என் கடைக்கு போன் செய்தார். போனேன். ஆபீஸில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பெட்டிப் பூட்டு பழசாப் போச்சு. புதுசு ஒண்ணு போட்டரலாங்களா?"

"போட்டரலாங்க. பழசை..."

"வெட்டி எடுத்துருங்க. சாவி இருக்குது. தேடி எடுக்கறதுக்கு இது சுளுவு."

"ஆமாங்க. உள்ள இருக்கற பாஸ்வேர்டு?"

"அதும் பழசுதான்" என்றார்.

பூட்டை வெட்டி, பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பழைய பாஸ்வேர்டை மறக்கடித்தேன். புதியது எதுவும் வைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றைக் கொத்தில் கோத்துக்கொண்டார். அந்தச் சமயம் படியேறி வந்த சித்ராதேவியிடம் இன்னொன்றை நீட்டினார். "இது உன்கிட்ட இருக்கட்டும் கண்ணு. நான் எங்கயாச்சும் போயிருவேன்."

பின்னாலேயே வந்த தண்டாயுதபாணி அதைப் பார்த்தார். "எனக்கொண்ணு இல்லீங்களாண்ணா?"

"உனக்கெதுக்கு?" என்றார் அண்ணன். "பார்ட்டிசன் போடறதுக்கா?"